கடைசிக் கட்டம்

வியாசர்பாடி பிரவுசிங் சென்டர்.
நாற்காலியில் எனக்கு முன்னால் உட்கார்ந்தவரின் சூடு.
கட்-ஆஃப் நூற்று எழுபத்தொன்றரை.
அம்மா சொன்ன வரிசை உள்ளங்கையில், பேனாவால்:
29சி போகும் கல்லூரி,
ரயில் மாறாமல் போகும் கல்லூரி,
இருட்டுவதற்குள் வீடு திரும்பும் கல்லூரி.
இரண்டாவது வியர்வையில் அழிந்துவிட்டது.

கோயம்புத்தூரை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினேன்.
"லாக் பண்ணா மாத்த முடியாதும்மா" என்றார்
சென்டர் அண்ணன், வடையை மென்றபடி.

ஓடிபி அப்பாவின் போனுக்குப் போனது.
மாதவரம் ரவுண்டானாவில்
தண்ணீர் லாரியை ஓரங்கட்டி,
ஹாரன்களுக்கு நடுவே
ஒவ்வொன்றாகக் கத்தினார்:
நாலு. சைபர். ஒம்போது. ஒம்போது. ரெண்டு.
ஏழை மட்டும் இரண்டு தடவை.

எதற்கென்று கேட்கவில்லை.
"விழுந்துச்சா சுகிர்தா?"

கடைசிக் கட்டத்தில்
கர்சர்
மினுக்கிக்கொண்டே இருக்கிறது.