அரை மில்லிமீட்டர்

கடைசி டிராமை ஷெட்டில் விட்டு வீடு வர மணி ஒன்றேகால்.
தம்பேரேயில் பிப்ரவரி.
கதவுச் சாவியைக்கூடக் கையுறையோடுதான் திருப்ப வேண்டும்.

சமையலறை மேசையில் கிட்டார் வயிறு திறந்து கிடக்கிறது.
பழைய பிக்கப் உள்ளே எங்கோ அறுந்து
மூன்று வாரமாக ஒரு இருமல்கூட இல்லை.
புதியதை வைத்து, ஈயம் உருக்கி,
வெள்ளை ஒயர் இங்கே, கறுப்பு அங்கே;
இல்லை, கறுப்பு இங்கே.
கட்டைவிரலில் கொப்புளம்.

தந்தி கட்டிய பிறகுதான் பார்த்தேன்:
ஆறு காந்தங்களில் ஐந்தின் உச்சந்தலை மேல்
ஒழுங்காகப் போகின்றன தந்திகள்.
ஆக மெல்லியது மட்டும்
நடைமேடை விளிம்பில் தள்ளாடுகிறது,
வெள்ளிக்கிழமை இரவின் ஹெய்மோவைப் போல.

கழுத்தின் நான்கு திருகுகளைக்
கால் சுற்றுத் தளர்த்தி
ஒரு இழுப்பு.
டிக்.
எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தவறி
எதுவும் முழுக்கத் தவறாமல் நின்றன.
தண்டவாளத்தில் இது செல்லாது.
இதற்கு எனக்குச் சம்பளமில்லை, செல்லும்.

ஆம்ப்பில் செருகினால்
ஃப்ரிட்ஜின் முனகலை வாங்கி இரைகிறது பிக்கப்.
நாற்காலியோடு மெல்லச் சுற்றினேன்.
சுவர்ப் பக்கம் இரைச்சல், அடுப்புப் பக்கம் இரைச்சல்,
ஜன்னலைப் பார்த்தால் மட்டும்
அடங்குகிறது.

எதிர்க் கட்டடம், மூன்றாம் மாடி,
தூங்காத யாரோ ஒருவர்
தனக்காகத்தான் என்று நினைத்துக்
கையசைக்கிறார்.
ஃப்ரிட்ஜுக்காக என்று
இவ்வளவு பனிக்கு அப்பால் எப்படிச் சொல்ல?

கொப்புளக் கையைத் தூக்கிக் காட்டினேன்.
நாளைக்கும்
இந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும்.