முதலாம் பாடம்

நகரத்துச் செயலமர்வில் குளிரூட்டி ஓடியது,
சுவரெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள்.
"தீர்வோடு போகாதீர்கள், காதோடு போங்கள்"
என்றார் கொழும்பிலிருந்து வந்த இளைஞர்.
வடிவமைப்புச் சிந்தனை என்று
கொப்பியில் எழுதி இருமுறை கோடிட்டேன்.
மத்தியானச் சோறு நன்றாயிருந்தது.

திங்கட்கிழமை
இடாப்பைத் திறந்தால் வழமையான சிவப்பு.
படுவான்கரைப் பிள்ளைகள் பதினொரு பேர்.
பிந்தி, பிந்தி, பிந்தி.
நான்கு வருடமாய் என் கையெழுத்து.
அழகான எழுத்தென்று
வலயத்திலிருந்து வந்தவர்கூடச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் ஐந்தேகாலுக்குக்
கல்லடியில் ஸ்கூட்டியை உதைத்தேன்.
குருக்கள்மடத் துறையில் முதல் பாதை.
ஏறி, அம்பிளாந்துறையில் இறங்கி,
அவர்களோடு திரும்பிவர நின்றேன்.

பாதைக்காரர் பூபாலப்பிள்ளை
பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை.
நல்ல மனிசன்.
அதனாலேயே
பதினொரு பேர் ஏறியும் பாதை நிறைவதில்லை.
ஆறு மோட்டார்சைக்கிள் சேரவேண்டும்,
அல்லது நெல்மூட்டையோடு ஒரு லான்ட்மாஸ்டர்.
இலவசமாய்ப் போகிறவருக்குக்
காத்திருப்புத்தான் கட்டணம்.

யதுர்ஷிகா சப்பாத்தைக் கையில் பிடித்திருந்தாள்.
துறையெல்லாம் சேறு.
வெள்ளையில் ஒரு புள்ளி விழுந்தாலும்
வாசலில் பெயர் எழுதுவார்கள்.
அக்கரையில் இறங்கிக்
கால் கழுவ, துடைக்க, போட, கட்ட
ஏழு நிமிடம்.
என் இடாப்பில் ஏழு நிமிடத்துக்கு நிரல் இல்லை.

"பிந்திவந்தா உங்களுக்கு என்ன இல்லாமப் போகுது?"
ஏச்சு, வெட்கம், இப்படி ஏதாவது
சொல்வார்கள் என்றிருந்தேன்.
"கணிதம், ரீச்சர்."
லோஜிதன் தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.
"ஒவ்வொரு நாளும் முதலாம் பாடம் அதுதானே.
மறுகா நாங்க வந்தா
பலகையில விடை மட்டும்தான் இருக்கும்."

விடை மட்டும்தான் இருக்கும்.

காலையில் மூளை புதிது என்று
நேரசூசி போட்டவள் நான்.
யாருடைய காலை என்று யோசிக்கவில்லை.
எழுவானில் எழுந்த சூரியன்
படுவானுக்கும் அதே நேரத்தில்தான் வெளிச்சம் தருகிறது.
நடுவில் வாவி கிடப்பது
சூரியனுக்குத் தெரியாது, சரி.
எனக்குத் தெரியும்.

சாதாரண தரத்தில் கணிதம் தவறிய
ஒன்பது பேரின் பட்டியலை முன்னால் வைத்து
"அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது" என்று
தேநீருக்குச் சீனி கலக்கியபடி சொன்னோம்.
சொன்னோம். பன்மை எனக்கு வசதி.
சொன்னேன்.

முதல் மாதிரி:
மணியை இருபது நிமிடம் தள்ளினோம்.
அதிபர் மூன்று நாள் தந்தார்.
இரண்டாம் நாளே
களுவாஞ்சிக்குடி ஆசிரியர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள்.
மணி பழைய இடத்துக்குக் கிறுகியது.

இரண்டாவது:
ஒரு பென்சில், ஒரு அழிறப்பர்.
கணிதம் மூன்றாம் பாடத்துக்கு.
செலவு ஒரு தாள்.
இதற்கா நான்கு வருடம்?

மூன்றாம் கிழமை
கேள்வி பலகையில் இருக்கும்போதே
லோஜிதன் கை உயர்த்தினான்.
சொன்ன விடை பிழை.
வகுப்போடு சேர்ந்து பிழைவிட
அவனுக்கு இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

அன்றைக்கே இடைவேளையில்
யதுர்ஷிகா வந்து கதவோரம் நின்றாள்.
"முதலாம் பாடம் இப்ப சித்திரம், ரீச்சர்."
ஓம்.
"எனக்குச் சித்திரம்தான் விருப்பம்."

மஞ்சள் தாள்களில் இதற்கு ஒன்று இருந்ததா,
நினைவில்லை.

நாளைக்கு மறுபடி துறைக்குப் போகிறேன்.
பூபாலப்பிள்ளையிடம் கேட்க ஒரு கணக்கு இருக்கிறது:
பதினொரு பிள்ளைகள்
எத்தனை மோட்டார்சைக்கிளுக்குச் சமன்?
விடை என்னிடம் இல்லை.
சப்பாத்தைக்
கையில் பிடித்துக்கொண்டு போவேன்.