மூன்றாம் கொள்ளையனின் சட்டை

பதினோரு சட்டை, பதினோரு கால்சராய்,
நாகுதாவுக்கு மட்டும் பூவேலை இடைக்கச்சை.
வியாழன் மாலைக்குள் வேண்டும்.
ராஸ் அல் கைமாவில்
அபாயா ஓரம் மடித்துக்கொண்டிருந்த எனக்கு
இருநூறு வருஷத்துப் பழந்துணி தைக்க வருமா என்று
யாரும் கேட்கவில்லை.

ஷம்மா வந்து சட்டம் போட்டாள்.
ஜிப் கூடாது. எலாஸ்டிக் கூடாது.
நைலான் நூல் கண்ணிலேயே படக்கூடாது.
பில்லில் 'கடற்கொள்ளையர் உடை' என்று போட்டிருந்தேன்.
பேனாவை வாங்கி அடித்தாள்.
"கப்பலாட்கள் என்று எழுது.
கொளுத்த வந்தவன் வைத்த பேர் அது."
எழுதினேன்.
விலை அதேதான்.

சுலைமானி கொதிக்க வைத்துக்
காடாத்துணியை இரவெல்லாம் ஊறப்போட்டேன்.
டீக்கடைக்காரன் அதில் ஏலக்காய் தட்டியிருந்தது
காய்ந்த பிறகுதான் தெரிந்தது:
இந்தப் பதினோரு பேரும்
கல்யாண வீடு மாதிரி மணந்துகொண்டு
கப்பல் பிடிக்கப் போகிறார்கள்.
சிரட்டையைத் தேய்த்துப் பொத்தான் செய்தேன்.
முழங்கால் பக்கம் கல்லுப்பு வைத்து உரசினேன்.
மொட்டைமாடி வெயில் மூன்றே நாளில்
முப்பது வருஷம் பழசாக்கித் தந்தது.

அளவு கொடுக்க ஒவ்வொருவராக வந்தார்கள்.
ஜிம் பயிற்சியாளன், பலூச்சி டிரைவர்,
பல்லில் கம்பி கட்டிய ஒரு பையன்.
(வாயை மூடிக்கொண்டே கர்ஜிக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.)
கடைசியாகச் சிலுவைதாசன்,
இரவிபுத்தன்துறை.
கயிறு தெரிந்தவன் என்று எடுத்திருந்தார்கள்.
கைதி வேஷம்தான் முதலில் கொடுத்தார்களாம்.
முடியாது, கத்தி கொடு என்றானாம்.

நெஞ்சளவு எடுக்கணும், கையைத் தூக்குங்க என்றேன்.
இரண்டு கையும்
தலைக்கு மேலே போய்விட்டன,
உள்ளங்கை விரிந்து, விரல் விறைத்து.
டேப்போடு நான் நின்றேன்.
அவனுக்கே புரிந்து, மெதுவாக இறக்கினான்.

"சோமாலியாப் பக்கம். ஏழு மாசம்" என்றான்.

கேட்கக்கூடாததை எல்லாம் விட்டுவிட்டு
தையல்காரி கேட்பதைத்தான் கேட்டேன்:
அவங்க என்ன உடுத்தியிருந்தாங்க?

"பந்தாட்டச் சட்டை. பத்தாம் நம்பர்.
காலில் ரப்பர் செருப்பு.
கண்ணுக்குப் பட்டையெல்லாம் இல்லை அக்கா,
ரெண்டு கண்ணாலும்தான் பார்த்தானுவ.
ஒரு சின்னப் பயலுக்கு அக்குள் கிழிஞ்சிருந்தது.
துப்பாக்கியை எனக்கு நீட்டிக்கிட்டே
கிழிசலைக் காட்டினான்.
வலை நூல் கொண்டு தைச்சுக் குடுத்தேன்."

ஒத்தைத் தையலா, ரெட்டையா?

"வலை முடிச்சு. பிரியாது."

வியாழன் இரவு கோரில் விளக்கு போட்டார்கள்.
பருமல் ஏறியது, பாய் விரிந்தது.
இருமுறை சுட்ட ரொட்டியைக்
கருவாட்டோடு வைத்திருந்த தட்டைச் சுற்றிப்
பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.
மரப்பீப்பாய்க்குள் மினரல் வாட்டர் கேன்.
"தாமானைத் தளர்த்து!" என்று
சிலுவைதாசன் போட்ட சத்தத்தில்
பலூச்சியும் பிலிப்பினோவும் சரியான கயிற்றை விட்டார்கள்.
ஷம்மா அந்தச் சொல்லை அரபியில் எழுதிக்கொண்டாள்.
யாருடைய சொல் என்று
அங்கே ஒருவருக்கும் தெரியாது.

பிறகு கைப்பற்றினார்கள்.
வெள்ளி பூசிய கட்டைக் கத்திகள்,
பிளம்பிங் குழாய்த் துப்பாக்கிகள்.
கைதியாக நின்ற கணக்குப்பிள்ளை
கையைத் தூக்கினான், பாதியளவு, சிரித்துக்கொண்டே.
மூன்றாம் கொள்ளையன்
கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அவன் கைகளைப் பிடித்து
இறக்கிவிட்டான்.
காட்சியில் அது இல்லை.
கூட்டம் கைதட்டியது.

சனிக்கிழமை மூட்டை வந்தது.
பத்துச் சட்டையில் ஏலக்காயும் வியர்வையும்.
பதினோராவதில்
நான் போட்ட அக்குள் தையல் விட்டிருந்தது.
விட்ட இடத்தில் பச்சை நைலான்,
சிறுசிறு முடிச்சாக.

ஷம்மா பார்த்தால் சத்தம் போடுவாள் என்று
பிரிக்க உட்கார்ந்தேன்.
கத்தரி நுனி
உள்ளே போகவில்லை.