மூடு என்றால் மூன்று

எத்திராஜுலுவிடம் நான் தோற்றது
அறுநூற்றுச் சொச்சம் தடவை.
எண்ணி வைத்தவர் கபூர் சாயபு,
டிக்கெட் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.
தோற்றால் எனக்குப் பன்னிரண்டு ரூபாய்,
ரத்தம் வந்தால் பதினைந்து.

பள்ளிப்பட்டில் அவன் தமிழ்நாட்டுச் சிங்கம்,
நான் கர்நூல் காட்டேரி.
செக்போஸ்ட் தாண்டி நகரிக்குப் போனால்
அவன் ராயலசீமைப் புலி,
நான் மெட்ராஸ் முரடன்.
லாரியில் வழிநெடுக ஒரே போர்வை இருவருக்கும்.
தார்ப்பாய்க்கடியில் படுத்துத்தான் ஊருக்குள் நுழைவோம்.
எதிரிகள் ஒரே இலையில் தின்பதை
டிக்கெட் வாங்கினவன் பார்த்துவிடக் கூடாது.

மேடை என்பது மேலே கித்தான், கீழே
கடலைத்தோல் மூட்டை.
எந்த ஊர்த் தோலில் மண் அதிகமென்று
என் முதுகைக் கேட்டால் சொல்லும்.
சத்தியவேட்டில் மூட்டைக்குள் தேள்.
அன்றைக்கு நான் துடித்த துடிப்புக்குத்
தாசில்தாரே எழுந்து நின்று கைதட்டினார்.

மணிக்கட்டை அவன் இரண்டு தரம் அழுத்தினால்
விழு என்று அர்த்தம்.
இந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு, மூணு.
அந்தப் பக்கம் ஒகட்டி, ரெண்டு, மூடு.
மூடு என்றதும்
கண்ணையும் மூடிக்கொள்வேன்.
காசு கொடுத்தவனுக்கு அது கொசுறு.

பொய் சொல்லக் கூடாது, அவன் பலசாலிதான்.
கார்வேட்டிநகரத்துச் சேற்றில் இறங்கிய லாரியை
முதுகு கொடுத்து ஏற்றினான்,
பார்க்க ஒரு நாய்கூட இல்லாத ராத்திரியில்.
பட்டம் அதற்குக் கிடைத்ததில்லை.
பட்டத்தின் பெல்ட்டு
குடம் செய்கிறவன் அடித்துக் கொடுத்த பித்தளை.
பாதி நாள் சேட்டுக் கடையில் இருக்கும்,
ஆட்டத்தன்று வாடகைக்கு வரும்.

ஊத்துக்கோட்டையில் ஒருநாள்
அழுத்தியும் நான் விழவில்லை.
இன்னொரு தரம் அழுத்தினான். நின்றேன்.
காதருகே அவன் மூச்சு, வெற்றிலை வாசனை.
ஜனம் பெஞ்சு மேல் ஏறிவிட்டது.
பிறகு விழுந்தேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.
விடியலில் லாரியில் கண் விழித்தால்
போர்வை முழுக்க என் மேல்.

இருபத்தேழு வருஷம் சாம்பியன்.
கடைசி ஐந்து வருஷம் அவனால் என்னைத் தூக்க முடியாது.
இடுப்பில் கை வைப்பான், அவ்வளவுதான்.
நானே எம்பி அவன் தோளில் ஏறிக் கிடந்து
கை காலை உதறுவேன்.
நகரித் தறிக்காரர்கள் விசிலடிப்பார்கள்.
என்னை நானே தூக்கி, நானே எறிந்து,
அவனிடம் தோற்ற ஆட்டங்கள் அவை.
அப்படி மேலே கிடந்தபோது ஒரு தடவை
கீழேயிருந்து கேட்டான்:
"முனிரத்தினம், ரொம்ப கனக்கிறேனாடா?"

போன மாசியில் குளியலறையில் விழுந்தான்.
எதிராளி இல்லாமல், முதல் தடவையாக.
புத்தூரில் கட்டுப் போட
பெஞ்சில் கிடத்தியிருக்கிறார்கள்.
பச்சிலை, முட்டை, மூங்கில் பட்டை.
வைத்தியர் காலைப் பிடித்ததும்
இவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
இரண்டு தரம் அழுத்தினான்.

விழ இடமில்லை.
தரை முழுக்க கை கால் உடைந்த ஜனம்.
"ஒகட்டி" என்றார் வைத்தியர்.
"ரெண்டு."