கல்லோடு வந்தது

சிவாஜி நகர் நயாஸ் கடையில்
கிலோ கணக்கில் வாங்கிய கடற்கல்லின் பொந்தில்
ஒளிந்து வந்திருக்கிறது, ஓடில்லாத நத்தை.
கட்டைவிரல் நகத்தளவு.

இரவு இரண்டு மணி.
டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிப் பார்க்கிறோம்.
தலையில் இரண்டு கொம்பு, சரி.
முதுகில் செவுள் பூ? இல்லை.
ஓரம் சுருட்டிய கொழுந்து வெற்றிலை மாதிரி
ஒரு பச்சை.

"விஷம் கக்கும் மேடம், ஃப்ளஷ் பண்ணிடுங்க"
என்கிறார் நயாஸ், போனில், தூக்கக் குரலில்.

பவளத்தைக் கடித்துவிடுமோ என்று பெனிட்டா
தனி டப்பாவில் விட்டுப் பார்த்தாள்.
மூன்று நாள்
பவளத்தின் பக்கமே போகவில்லை.
கல்லில் நான் தேய்க்காமல் விட்ட பாசியை
உறிஞ்சி உறிஞ்சி வெளுக்க வைத்தது.

கடலுக்கு மூவாயிரம் அடி மேலே
டேங்கர் தண்ணீரை வடிகட்டி
உப்பு அளந்து கரைத்த கடல் இது.
கரண்ட் போனால் அலை நிற்கும்.

பம்ப் வாய்க்கு ஸ்பாஞ்ச் கட்டியாயிற்று.
தொட்டியில் பாசி தீர்ந்துகொண்டிருக்கிறது.
ஆறு மாதம் டூத்பிரஷோடு
அதனிடம் மல்லுக்கட்டியவள்
பால்கனி வெயிலில்
ஊறுகாய் ஜாடி நிறைய உப்புநீர் வைத்து
வளர்க்கிறேன், அதையே.

கீழ்வீட்டு கௌடா அண்ணாந்து கேட்கிறார்,
என்ன கீரை அது?

பெயர் தெரியவில்லை சார்.
தின்கிறவர் பெயரும்.