ஒரே நடை

எட்டு வருஷமாக எங்கள் வீடு
எங்கே போனாலும் இரண்டு நடை.
முதல் நடையில் நானும் சின்னவள்களும்,
டேங்க் மேல் ஒருத்தி, மடியில் ஒருத்தி.
மண்டப வாசலில் எங்களை இறக்கிவிட்டு
திரும்பிப் போவார் அருளப்பன்,
தங்கச்சியையும் பெரியவனையும் ஏற்றிவர.
மொய் எழுதுகிறவர் கேட்பார்,
"மத்தவங்க எங்க?"
"வந்துக்கிட்டிருக்காங்க."
எந்தக் கல்யாண ஆல்பத்திலும்
நாங்கள் பாதிதான் இருக்கிறோம்.

பிறகு இந்த வேன் வந்தது.
பதினோரு வருஷப் பழசு. வெள்ளை.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும்
பக்கவாட்டில் 'பேக்கரி' போகவில்லை,
சீட்டைத் தட்டினால் பன் வாசம்.
மூக்கில்லாத முகம்.
எஞ்சின் இருப்பது டிரைவர் சீட்டுக்கடியில்;
கோரிப்பாளையம் சிக்னலில்
பச்சை விழுவதற்குள் அருளப்பன்
தோசைக்கல்லில் உட்கார்ந்தவர் மாதிரி நெளிவார்.

தெருவே சிரித்தது செல்லூரில்.
"சினிமாவுல ஆளைக் கடத்துற வண்டில்ல இது?"
தேய்ப்புக் கடை மலைச்சாமி கேட்டார்,
"யாரைத் தூக்கப் போறீக?"

மே மாதத்து சனிக்கிழமை சாயங்காலம்
நாங்கள் எங்களையே தூக்கிக்கொண்டு போனோம்.
அலங்காநல்லூர் தாண்டி, பாலமேடு தாண்டி
சாத்தையாறு அணைப் பக்கம்.
தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இல்லை.
சிறுமலை மட்டும் முழுசாக இருந்தது.

அருளப்பன் ஸ்பானர் எடுத்து
நடு சீட்டைக் கழற்றிக் கரையில் போட்டார்.
பெரியாஸ்பத்திரி நைட் டியூட்டிக்காரி,
என்றைக்கும் இரண்டாம் நடைக்காரி,
சகாயம் போய் முதலில் உட்கார்ந்தாள்,
கால்மேல் கால் போட்டு,
மலையே அவளைப் பார்க்க வந்ததுபோல.
அவளை எழுப்ப எங்களுக்கு மனசில்லை.
பரோட்டாவை நின்றுகொண்டே தின்றோம்.

சீட்டு போன இடத்தில் மெத்தை.
இழுவைக் கதவைத் திறந்துவைத்து
கொசுவலையைத் துணிக் கிளிப்பால் மாட்டினோம்.
கதவோரம் யார் என்று ஒரு சண்டை,
யார் முழங்கை யார் விலாவில் என்று இன்னொன்று.
பெரியவன் வளர்ந்துவிட்டான் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது:
அவன் பாதம் வலைக்கு வெளியே.

ஒரு மணி இருக்கும். டார்ச் வெளிச்சம்.
நம்பர் பிளேட்டில் நின்றது,
பேக்கரியில் நின்றது,
பிறகு ஒவ்வொரு பாதமாக எண்ணிக்கொண்டு வந்தது.
ரோந்து வந்த ஏட்டு.
"யாரு? என்ன பண்றீங்க இங்க?"
"குடும்பம் சார்" என்றார் அருளப்பன்.
எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்போல,
வெளிச்சம் நகரவில்லை.
"பாப்பா, இவங்களை உனக்குத் தெரியுமா?"
கண்ணைத் திறக்காமலே சொன்னாள் செல்சியா:
"எங்க எல்லாரையும்
அப்பாதான் தூக்கிட்டு வந்தாரு."

எனக்கு உயிர் போய் வந்தது.
ஏட்டு சிரித்து முடிக்க நேரமானது.
டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்,
"லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?"
"கேஸ்ல ஓட்டினா பரவால்ல சார்."
"என்ன விலைக்கு முடிச்சீங்க?"
"ஒன்னே கால்."
இருட்டில் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.
"எங்க வீட்ல அஞ்சு பேரு" என்றார்.
"ரெண்டு நடை."

போகும்போது கதவைச் சாத்தப் பார்த்தார்.
"பன்னி கின்னி வரும், மூடிக்கங்க."
அது அசையவில்லை.
"லேசாத் தூக்கி இழுக்கணும் சார்."
தூக்கி இழுத்தார். வந்தது.
இன்னொரு தடவை திறந்து
இன்னொரு தடவை மூடினார்.

அதற்குப் பிறகு தூக்கமில்லை எனக்கு.
புழுக்கம். எஞ்சின் ஆறியும் சீட்டு ஆறவில்லை.
சால்னாப் பொட்டலம் எங்கோ கசிந்து
மெத்தையின் ஒரு மூலை சில்லென்றிருந்தது.
மூச்சுகளை எண்ணினேன், என்னோடு ஆறு.
திரும்ப எண்ணினேன்.
யாரும் வந்துகொண்டிருக்கவில்லை.

காலையில் ஆடு ஓட்டி வந்த பையனிடம்
போனைக் கொடுத்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னோம்.
வேன் இருக்கிறது, பேக்கரி இருக்கிறது,
சகாயம் அதே சீட்டில் இருக்கிறாள்,
இரண்டு ஆடும் இருக்கின்றன.
அருளப்பன் தலை இருக்க வேண்டிய இடத்தில்
அந்தப் பையனின் கட்டைவிரல்.