மூன்று நிறக் கோடுகள்

சனி காலை வெள்ளை, கால்பந்துக்கு.
மதியத்துக்கு மேல் மஞ்சள், ரக்பிக்கு.
ஞாயிறுக்கு நீலம் வேண்டும் என்று
செந்தூல் திடலில் வந்து நின்றாள்
ரொசாலின் சின்னப்பன்.
கையில் ஒரு காகிதம். எல்லாம் கெஜத்தில்.

என் டேப்பில் மீட்டர்தான்.
கோலாலம்பூரில் இன்னும் கெஜம் பேசுவது
மஸ்ஜித் இந்தியா துணிக்கடை மட்டும்.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
ஆறு கெஜப் புடவை இருபதை
முந்தியோடு முந்தி முடிந்தால் ஒரு திடல்.
சரி, போட்டுவிடலாம் என்றேன்.

ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு.
குனிந்து குனிந்து இருபத்தொன்று.
நிமிர்ந்து பார்த்தால்
சத்தே சுடுகிற கம்பித் தட்டு.
"அமெரிக்காவிலும் அதுதான் பேரு, அங்கிள்."

எதற்கு இத்தனை கோடு?
அவள் சொன்னாள்:
முதல் ஆட்டத்தில் உருண்டைப் பந்து,
பக்கத்துக்கு இருபத்தைந்து பேர்,
தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது.
ஐந்து வருஷம் கழித்து இன்னொரு கல்லூரிக்குக்
கனடாவிலிருந்து விருந்தாளிகள்.
முதல் நாள் வீட்டுக்காரன் சட்டம்,
மறுநாள் விருந்தாளி சட்டம், முட்டைப் பந்து.
விருந்தாளி ஊருக்குப் போய்விட்டான்,
முட்டை தங்கிவிட்டது.

ரக்பியில் பந்துக்கு எல்லாரும் முட்டுவார்கள்.
அதைப் பிரித்து நடுவில் கோடு போட்டு
இப்போது பந்து இன்னாருடையது என்றார்கள்.
சொன்னதுதான் தாமதம்,
ஒரு அணி பாதி ஆட்டம் முழுக்கப்
பந்தை மடியில் கட்டிக்கொண்டது,
வாடகைக்கு வந்தவன் வீட்டைக் காலிசெய்யாத மாதிரி.
அதற்கப்புறம் வந்தது சட்டம்:
மூன்று தடவைக்குள் ஐந்து கெஜம் நகரு,
இல்லையா, கொடுத்துவிடு.
நகர்ந்தானா என்று பார்க்கத்தான் கோடு.

ஆக, என் முதுகுவலிக்குக் காரணம்
நூற்று நாற்பது வருஷத்துக் கஞ்சத்தனம்.

கையில் ஏந்தி ஓடுகிறீர்கள், கையால் எறிகிறீர்கள்,
அப்புறம் என்ன கால்பந்து?
கேட்டுவிட்டு நானே அடங்கினேன்.
என் ஐசியில் வேலாயுதம், ஏ எல், ரெங்கசாமி.
ரெங்கசாமியை நான் பார்த்ததில்லை.
தைப்பிங்கில் யாரிடமோ
ஒரு போட்டோ இருக்கிறதாம்.

ஞாயிறு வேலியோரம் நின்றேன்.
தலைக்கவசங்கள் ஆட்டுக்கிடாய்ச் சத்தம் போட்டன.
ஒருத்தன் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்ததும்
அதுவரை பெஞ்சில் சும்மா இருந்த
ஒல்லிப் பையன் ஒருவன் இறங்கி வந்தான்.
ரக்பியிடம் இரவல் வாங்கிய கம்பங்களுக்கு நடுவே
ஒரே ஒரு உதை.
திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டான்.
வருஷத்துக்கு ஒருதரம்
எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு
வேலைக்குப் போகிறவனைப்போல.

மூன்று மணிக்கு மழை.
வெள்ளை மஞ்சளில் ஏறி,
மஞ்சள் நீலத்தில் இறங்கி,
கார்னர் பக்கம் ஒரு பச்சை
புல்லுடையதும் அல்ல, நான் போட்டதும் அல்ல.

செவ்வாய்க்கிழமை
செபாக் தக்ரோ பையன்கள் வருகிறார்கள்.
சிவப்பு கேட்டிருக்கிறார்கள்.
டின்னில் கால்வாசிதான் இருக்கிறது.